புகைபோக்கி எங்கே போக்குகிறது?

தமிழில் சில சொற்கள் ஒரு பொருளுக்குப் பெயராக இருப்பதோடு ஒரு நம்பிக்கையையும் சுமந்துகொண்டு திரியும். புகைபோக்கி அப்படி ஒன்று. அடுப்பங்கரைக் கூரையில் நாலு செங்கல் வைத்து எழுப்பிய கூண்டுக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அறைக்குள் இருந்த புகை வெளியே போயிற்று, பாட்டியின் கண்ணெரிச்சல் நின்றது. அதே பெயரை 275 மீட்டர் உயரக் கான்கிரீட் கோபுரத்துக்கும் சூட்டிவிட்டோம். அடுப்பங்கரையில் உண்மையாக இருந்தது அங்கே பொய்யாகிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை. புகையை வெளியே போக்குகிறது, சரி. எதற்கு வெளியே?

இந்தக் கேள்வியைப் போன குளிர்காலத்தில் ஆக்லாந்தின் மவுண்ட் ராஸ்கில் பகுதியில், நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கேட்டேன். சனிக்கிழமை காலை, இட்லி, சாம்பார், பத்துப் பன்னிரண்டு பேர். தில்லியின் காற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. பிறகு வழக்கம்போல் ஒருவர் பெருமூச்சு விட்டு, "இங்கே அந்தத் தொல்லையே இல்லை பாருங்க. ரெண்டு பக்கமும் கடல். எந்தப் புகையும் அரை மணி நேரத்துல பசிபிக்குக்குப் போயிடும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மகன் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற மின்பொறியாளர், இன்னும் ஒரு படி மேலே போனார். "கடலே வேண்டாம் தம்பி. நாங்க 275 மீட்டர் உயரத்துல விடறோம். உங்க மூக்குக்கு எங்க வரும்? இந்தியாவுல நிலக்கரிய சும்மா திட்டறாங்க."

இரண்டும் வேறு வேறு வாதம் போலத் தெரியும். இரண்டும் ஒன்றுதான். காற்று கொண்டு போய்விடும் என்கிற ஒரே நம்பிக்கை. ஆக்லாந்துக்காரர் அதைக் கடலிடம் ஒப்படைக்கிறார், பொறியாளர் உயரத்திடம் ஒப்படைக்கிறார். வெறும் சாப்பாட்டு மேசைப் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். இந்திய அரசு 2025 ஜூலையில் வெளியிட்ட ஓர் அறிவிக்கை வரைக்கும் இந்த நம்பிக்கை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டுக்குப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஆக்லாந்தின் காற்று நல்ல காற்று என்பதை நான் மறுக்கவில்லை. சென்னையிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரம் வானத்தின் நீலத்தைப் பார்த்து அண்ணாந்து நின்றவர்களில் நானும் ஒருவன். மானுகாவ், வைத்தமாட்டா என்ற இரண்டு துறைமுகக் கழிகளுக்கு நடுவே இடுப்பு ஒடுங்கிய நிலத்துண்டு இது. தென்மேற்குக் காற்று ஆண்டில் பாதிநாள் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு அடிக்கும். நுண்துகள் அளவைத் தில்லியோடு ஒப்பிடுவதே அபத்தம். இவ்வளவும் உண்மை.

அப்படியிருந்தும் 2022-இல் வெளியான அரசு ஆய்வு ஒன்று, மனிதர்கள் உண்டாக்கும் காற்று மாசினால் நியூசிலாந்தில் 2016ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 3,300 பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்தார்கள் என்று கணக்கிட்டது. அதே ஆண்டு இந்நாட்டின் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 330 பேருக்கும் குறைவு. சாலை விபத்துக்குத் தொலைக்காட்சி விளம்பரம் உண்டு, போலீஸ் உண்டு, வேகக் கேமரா உண்டு. பத்து மடங்கு பெரிய சாவுக்கு ஒரு பலகைகூடக் கிடையாது. அந்த 3,300 பேரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சாவுக்கு நைட்ரஜன் டை ஆக்சைடு காரணம் என்றது ஆய்வு. இந்நாட்டில் அது பெரும்பாலும் வண்டிகளின் பின்குழாயிலிருந்து வருகிறது. மீதிக்கு நுண்துகள் காரணம், அதில் பெரும்பங்கு குளிர்கால வீட்டு விறகடுப்பு. சமூகத்துக்கு ஆன செலவு 1,560 கோடி நியூசிலாந்து டாலர். சிறுவர் ஆஸ்துமா சுமார் 13,000.

காற்று இவ்வளவு அடிக்கிற ஊரில் எப்படி? குயின் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். நகரத்தின் நெற்றித் தெரு அது. ஒரு காலத்தில் வைஹொரொட்டியு என்ற ஓடை ஓடிய பள்ளம், இப்போது ஓடை குழாய்க்குள் போய்விட்டது, மேலே தார். இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள். மாலை ஐந்தரைக்கு டீசல் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்போது அந்தப் பள்ளத்துக்குள் பசிபிக் காற்று இறங்கி வந்து பெருக்கிவிட்டுப் போவதில்லை. நகராட்சியின் அளவீடுகளில் பல ஆண்டுகளாக நைட்ரஜன் டை ஆக்சைடு மிகுந்த இடமாக இருந்துவருவது இந்தத் தெருதான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் அந்த வாயுவின் ஆண்டுச் சராசரி வரம்பை 40 மைக்ரோகிராமிலிருந்து 10-க்கு இறக்கியது. குயின் தெரு அந்தப் பத்துக்குள் அடங்குகிற தெரு இல்லை.

இன்னொரு காட்சி. ஜூன் மாதத்து இரவு, காற்றே இல்லாத இரவு. அப்படியும் சில இரவுகள் இங்கே வரும். தெருவில் நடந்தால் விறகு வாசனை. நம் ஆட்களுக்கு அந்த வாசனை பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். பாட்டி வீட்டு வெந்நீர் அடுப்பு நினைவுக்கு வரும். போகி அன்று விடியற்காலைச் சென்னை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காற்று நின்றுபோனால் புகை தரையோடு படுத்துக்கொள்ளும். 2018 போகியில் சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் ரத்தாகின. இங்கே அந்த அளவு இல்லை. ஆனால் எல்லை என்று ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே நுண்துகள் தொல்லை செய்யாது என்று மருத்துவம் இதுவரை ஒரு கோடு போட்டுக் காட்டவில்லை. குறைந்த அளவு என்றால் ஒவ்வொருவருக்கும் குறைந்த ஆபத்து. அதைப் பதினேழு லட்சம் பேரால் பெருக்கிப் பாருங்கள்.

"சரி, வண்டியும் விறகும். நிலக்கரிக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். மேசையிலும் கேட்டார்கள். நிலக்கரி ஐரோப்பாவின் பழைய பாவம், இந்தியா சீனாவின் இன்றைய பாவம், நாம் அருவியில் மின்சாரம் எடுக்கிறவர்கள் என்பது இங்கே பரவலான நினைப்பு. நியூசிலாந்தின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீர், பூமிவெப்பம், காற்று வழியாகத்தான் வருகிறது. மீதி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நீங்கள் தெற்கே 95 கிலோமீட்டர் போக வேண்டும். போகிற வழியில் இந்த நகரத்தின் கதையும் தெரியும்.

ஆக்லாந்துக்கு ஆரம்ப காலத்தில் மின்சாரம் கொடுத்தது நகரத்துக்குள்ளேயே, துறைமுகக் கரையில் 1913-இல் தொடங்கிய கிங்ஸ் வார்ஃப் நிலக்கரி நிலையம். புகை துறைமுகத்தின் மேலேயே நின்றது. 1958-இல் மெரெமெரேயில் புதிய நிலக்கரி நிலையம் வந்தது. நகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வைக்காட்டோ ஆற்றங்கரையில். மராமருவாச் சுரங்கத்திலிருந்து கம்பிவடத்தில் தொங்கும் தொட்டிகளில் நிலக்கரி வந்து இறங்குமாம். கிங்ஸ் வார்ஃப் 1968-இல் மூடப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் ஆற்றின் இன்னும் மேல்புறத்தில், ஹன்ட்லியில், தலா 250 மெகாவாட்டில் நான்கு அலகுகளும் 150 மீட்டரில் இரண்டு புகைபோக்கிகளும் எழுந்தன. 2015-இல் நகருக்குள் எஞ்சியிருந்த ஓட்டாஹூஹூ, சவுத்டவுன் எரிவாயு நிலையங்களும் மூடப்பட்டன. பார்த்தீர்களா? ஆக்லாந்து தன் புகையை அணைத்ததாகச் சொல்லிக்கொள்வதில் பாதி, புகைபோக்கியைத் தெற்கே நடக்கவிட்டதுதான். ஊர் பெரிதாக ஆக, அது இன்னும் கொஞ்சம் தள்ளி நிற்கும்.

கடைசியில் கண்ணிலிருந்தும் மறைந்துவிட்டது. முன்பெல்லாம் ஹாமில்டன் போகிற நெடுஞ்சாலை ஹன்ட்லி ஊருக்குள் நுழைந்து போகும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இரட்டைப் புகைபோக்கி தெரியும், பிள்ளைகள் காரிலிருந்து கைநீட்டுவார்கள். 2020-இல் புறவழிச் சாலை திறந்தார்கள். இப்போது ஊரைச் சுற்றி நூற்றுப் பத்தில் பறந்துவிடலாம்.

ஹன்ட்லியின் புகைதான் ஆக்லாந்துக்காரரின் நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லி ஆதாயம் தேட எனக்கு விருப்பமில்லை. வழக்கமான தென்மேற்குக் காற்று அதை நகரத்துப் பக்கம் கொண்டுவருவதில்லை. இங்கே என் மூச்சில் கலப்பது பஸ்ஸும் காரும் விறகும். நான் சொல்வது வேறு. "நம்மிடம் நிலக்கரி இல்லை" என்று சொல்லும் உரிமை நமக்குக் கிடையாது. மழை பொய்த்து நீர்த்தேக்கம் இறங்கினால், எரிவாயு குறைந்தால், ஆக்லாந்தின் ஹீட்டர்கள் ஹன்ட்லியை நம்பித்தான் சூடாகின்றன. அந்த ஊர் நிலத்தடியிலேயே நிலக்கரி உண்டு. இருந்தும் 2021-இல் இந்நாடு பத்து லட்சம் டன்னுக்கும் மேல் நிலக்கரியை இறக்குமதி செய்தது, பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்து. தௌரங்கா துறைமுகத்தில் இறங்கி ரயிலில் வரும். குழி அங்கே, சாம்பல் ஹன்ட்லியில், வெளிச்சம் ஆக்லாந்தில். போதாததற்கு நகராட்சி எல்லைக்குள்ளேயே கிளென்புரூக் உருக்காலை நிலக்கரியில்தான் இரும்பு உருக்குகிறது.

இனிப் பெரியவரின் வாதத்துக்கு வருகிறேன். அவருடையது இதைவிட வலுவானது. அலட்சியமாகத் தள்ள முடியாதது.

உயரமான புகைபோக்கி வேலை செய்கிறது. அது இல்லாவிட்டால் நிலையத்தை ஒட்டிய ஊர் மூச்சுத் திணறிச் சாகும். சூடான புகை உயரத்தில் விடப்பட்டால் மேலே எழும்பிப் பரவும், அடிவாரத்தில் செறிவு குறையும். இதில் அவர் சொல்வது இயற்பியல். அதன் பிறகு அவர் சொல்லாமல் விடுவதும் இயற்பியல்தான். பரவுவது என்றால் ஒழிவது அல்ல. ஒரு சொம்பு சாக்கடை நீரை அண்டாவில் ஊற்றிக் கலக்கிவிட்டால் சாக்கடை நாற்றம் தெரியாது. அந்த அண்டாவிலிருந்து குடிக்கப் போவது யார்?

இந்தச் சோதனையை ஐரோப்பா செய்து பார்த்தாகிவிட்டது. 1952 டிசம்பரில் லண்டன் நிலக்கரிப் புகைமூட்டத்தில் ஐந்து நாள் மூழ்கியது. அன்றைய கணக்கு 4,000 சாவு. பின்னாளைய மதிப்பீடு ஏறக்குறைய 12,000. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. வீட்டு அடுப்புகளைக் கட்டுப்படுத்தினார்கள், மின் நிலையங்களை ஊருக்கு வெளியே நகர்த்தினார்கள், புகைபோக்கிகளை உயர்த்தினார்கள். யார்க்‌ஷரில் டிராக்ஸ் நிலையத்தின் புகைபோக்கி 259 மீட்டர். லண்டன் வானம் தெளிந்தது. நம் பெரியவர் அங்கே இருந்திருந்தால் கைதட்டியிருப்பார்.

வட கடலுக்கு அந்தப் பக்கம் நார்வேயின் தென்பகுதியில், சுவீடனில், ஏரிகளில் மீன்கள் செத்துக்கொண்டிருந்தன. புகைபோக்கி ஒன்றுகூட இல்லாத மலையேரிகள். 1967-இல் ஸ்வாண்டே ஓடேன் என்ற சுவீடன் மண்ணியலாளர் காரணத்தைச் சொன்னார். பிரிட்டனிலிருந்தும் மத்திய ஐரோப்பாவிலிருந்தும் பறந்துவரும் கந்தகம் மழையில் அமிலமாக இறங்குகிறது. பிரிட்டிஷ் தரப்பு வருடக்கணக்கில் மழுப்பியது. எங்கள் புகைதான் என்று எப்படிச் சொல்கிறீர்கள், இன்னும் ஆராய வேண்டும் என்றது. 1979-இல் நாடுகளின் எல்லை தாண்டும் காற்று மாசு பற்றி ஜெனீவாவில் ஒப்பந்தமாயிற்று. 1985-இல் ஹெல்சிங்கியில் கந்தகத்தை 30 சதவீதம் குறைப்போம் என்று நாடுகள் கையெழுத்திட்டபோது பிரிட்டன் போடவில்லை. கடைசியில் அதே டிராக்ஸில் கந்தக நீக்கி பொருத்தத்தான் வேண்டியிருந்தது. உயரம் போதவில்லை.

மேற்கு ஜெர்மனி வேறு மாதிரி நடந்தது. காடுகள் பட்டுப்போகின்றன என்று மக்கள் கொதித்ததும் 1983-இல் பெரிய எரிநிலையங்களுக்கு விதி போட்டார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரிய நிலக்கரி நிலையங்கள் பெரும்பாலானவற்றில் கந்தக நீக்கி வந்துவிட்டது. இது ஏதோ புதுமையான தொழில்நுட்பம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். லண்டனின் பாட்டர்சீ நிலையத்தில் 1930களிலேயே புகையைக் கழுவினார்கள். அடிப்படை எளிது. சுண்ணாம்புக்கல் கரைசலைப் புகையின் மேல் தெளித்தால் கந்தக டை ஆக்சைடு அதில் ஒட்டிக்கொண்டு ஜிப்சம் ஆகிவிடும்.

அதற்குப் பிறகும் ஐரோப்பா சுத்தமாகிவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலக்கரி நிலையங்களால் 2013-இல் மட்டும் 22,900 பேர் உரிய காலத்துக்கு முன்பே இறந்தார்கள் என்று 2016-இல் நான்கு சுற்றுச்சூழல், சுகாதார அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. அந்த அறிக்கையில் என்னை உட்கார வைத்தது மொத்த எண் இல்லை. செத்தவர் எந்த நாடு, புகை எந்த நாடு என்று பிரித்துப் போட்டிருந்த வரைபடம். போலந்து நிலையங்களின் புகைக்குப் போலந்துக்கு வெளியே ஆயிரக்கணக்கில் சாவு. பிரான்சில் நிலக்கரி மின்சாரம் சொற்பம், அங்கே வந்து விழுந்த சாவுகளோ பக்கத்து வீட்டுப் புகையால். இன்னொரு கணக்கு அதைவிடக் கேவலம். மேற்கு பால்கன் நாடுகளில் இருந்த பதினாறே பழைய நிலையங்கள், 2016-இல், ஒன்றியத்தின் 250 நிலையங்களும் சேர்ந்து விட்ட அளவு கந்தக டை ஆக்சைடை விட்டன. அங்கேயும் புகைபோக்கிகள் உயரமானவைதான். இல்லாதது கந்தக நீக்கி.

பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே தன் சீட்டை இறக்கினார். "அது அவங்க நிலக்கரி தம்பி. கந்தகம் ஜாஸ்தி. நம்மளுதுல அரை சதவீதம்தான்."

அரை சதவீதம். இந்திய விவாதம் முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அதனால் மேசையிலேயே காகிதக் கைக்குட்டையில் கணக்குப் போட்டோம். 500 மெகாவாட் அலகு ஒன்று ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 கோடியே 20 லட்சம் யூனிட். நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம், சூடு குறைவு, யூனிட்டுக்கு முக்கால் கிலோவை நெருங்கும். நானே குறைத்து 650 கிராம் என்று வைத்தேன். நாளுக்கு ஏறக்குறைய 8,000 டன் நிலக்கரி. அதில் அரை சதவீதம் 40 டன் கந்தகம். எரிந்ததும் ஆக்சிஜன் சேர்ந்து எடை இரட்டிக்கும். 80 டன் கந்தக டை ஆக்சைடு, ஒரே ஒரு அலகிலிருந்து, ஒரே ஒரு நாளில். பெரியவர் பேனாவை வாங்கித் திரும்பவும் போட்டுப் பார்த்தார். எண் மாறவில்லை. சதவீதம் சிறியதாக இருந்தால் டன் சிறியதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அவர் உடனே இன்னொன்றுக்குத் தாவினார். அரசின் வாதமும் அதுவே. நிலையங்களைச் சுற்றியுள்ள காற்றில் கந்தக டை ஆக்சைடு அளந்தால் தேசிய வரம்பான 80 மைக்ரோகிராமுக்குள்தானே இருக்கிறது? இருக்கிறது. இரவு பாலில் உறை ஊற்றி வைத்துவிட்டு, காலையில் பாத்திரத்தைத் திறந்து, "பாலே இல்லையே" என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. கந்தக டை ஆக்சைடு சில மணி நேரத்தில், சில நாளில், காற்றிலேயே சல்பேட்டாக மாறுகிறது. வயல்களிலிருந்தும் மாட்டுத் தொழுவங்களிலிருந்தும் எழும் அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் துகளாகிறது. நுரையீரலின் அடிவரை இறங்கக்கூடிய நுண்துகள் அது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்யும். உயரத்தில் விட்டால் பயணம் இன்னும் வசதி. பாலை அளக்கிறவர்கள் தயிரை வேறு யாருடைய கணக்கிலோ எழுதிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 1999 முதல் 2020 வரை நிலக்கரி நிலைய நுண்துகளால் 4,60,000 பேர் இறந்தார்கள் என்று 2023-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு சொன்னது. அந்தத் துகள் மற்ற நுண்துகளைவிட இருமடங்கு சாவோடு தொடர்புடையது என்றும் சேர்த்துச் சொன்னது.

இங்கே எனக்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு. நான் வளர்ந்தது தமிழ்நாட்டுக் கடற்கரையில், ஓர் அனல்மின் நிலையத்துக்குப் பக்கத்தில். ஊர்ப் பெயர் வேண்டாம். சித்திரையில் அம்மா மாடியில் பழைய வேட்டி விரித்து வடகம் பிழிந்து வைப்பாள். காற்று மாறினால் ஓடிப்போய் இன்னொரு வேட்டியால் மூட வேண்டும். தவறினால் வடகத்தின் மேல் சாம்பல்நிறப் பொடி, விரலால் தொட்டால் விபூதி மாதிரி. நாங்கள் அதைத் தட்டிவிட்டுத்தான் பொரித்துத் தின்றோம். பிற்காலத்தில் நல்ல வடிகட்டிகள் வந்தன. இ.எஸ்.பி. என்பார்கள், மின்னூட்டத்தால் சாம்பலைப் பிடித்துவைக்கும். பொடி குறைந்தது. அம்மாவுக்கும் ஊருக்கும் புகைப் பிரச்சினை தீர்ந்துவிட்டதாக நினைப்பு. கண்ணுக்குத் தெரிந்தது போய்விட்டதல்லவா? ஆனால் இ.எஸ்.பி. பிடிப்பது சாம்பலை. கந்தக டை ஆக்சைடு வாயு. மீன்வலையில் தண்ணீர் நிற்காது.

பிடித்த சாம்பலும் எங்காவது போகத்தான் வேண்டும். எண்ணூர்க் கழிமுகத்தில் கொசஸ்தலை ஆற்றோரம் போய்ப் பார்த்தவர்களுக்கு அது எங்கே போயிற்று என்று தெரியும். காட்டுக்குப்பம் மீனவர்களின் வலையில் இறாலுக்குப் பதில் சாம்பல் சேறு ஏறிய கதை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இதை இங்கே விரிக்கவில்லை. தனிக் கட்டுரைக்கு உரியது.

இப்போது அந்த அறிவிக்கை. 2015 டிசம்பர் 7 அன்று இந்தியா அனல்மின் நிலையங்களுக்கு முதல்முறையாகக் கந்தக டை ஆக்சைடு வரம்பு விதித்தது. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு ஐரோப்பிய வரம்புக்கு இணையான 200 மில்லிகிராம். இரண்டு ஆண்டு அவகாசம். அப்புறம் 2022 என்றார்கள். அப்புறம் 2024 முதல் 2026 வரை, ஊருக்குத் தக்கபடி. அப்புறம் 2027 முதல் 2029 வரை. 2025 ஜூலை 11 அன்று, நிலையங்களில் ஐந்தில் ஏறக்குறைய நான்கு பங்குக்குக் கந்தக நீக்கியே வேண்டாம் என்று விலக்கு. தலைநகர் வட்டாரத்துக்கோ பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கோ பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் மட்டும் கட்டாயம். மாசு மிகுந்த பகுதிகளில் இருப்பவற்றைத் தனித்தனியாகப் பார்ப்பார்களாம். விலக்குப் பெற்றவற்றுக்கு ஒரே ஒரு நிபந்தனை. புகைபோக்கியின் உயரம் விதிப்படி இருக்க வேண்டும்.

மேற்கு ஜெர்மனி சட்டம் போட்டு மாட்டி முடித்த காலத்தைவிட அதிக காலத்தை நாம் தள்ளிப்போடவே செலவிட்டோம். அதன் முடிவில் வந்து சேர்ந்த இடம், 1960களின் பிரிட்டன்.

பத்து கிலோமீட்டர் என்கிற வட்டத்தைக் கவனியுங்கள். சல்பேட் துகள் அந்த வட்டத்தின் கோட்டில் நின்று அனுமதி கேட்குமா? உண்மையில் அந்த வட்டம் புகையின் பயணத்தை அளக்கவில்லை. நகரத்துக்காரர்களின் குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை அளக்கிறது. ஆக்லாந்து தன் புகைபோக்கியைத் தெற்கே நடக்கவிட்டதும் இதே கணக்கில்தான்.

செலவைச் சொல்வார்கள். கந்தக நீக்கியைக் கைவிட்டால் மின் விலை யூனிட்டுக்கு 25 முதல் 30 காசு குறையும் என்று தொழில்துறை வட்டாரம் பேசியது. சுண்ணாம்புக்கல் வெட்ட வேண்டும், ஓட்ட மின்சாரம் வேண்டும், கரியமில வாயு கூடும் என்ற எதிர்வாதங்களும் உண்டு. இவை பொய்யில்லை. கழிவறை கட்டினாலும் செங்கல் செலவாகும். முப்பது காசு இப்போதும் யாரோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மின்கட்டண ரசீதில் கொடுக்காமல் மருத்துவமனை ரசீதில் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் மின்சாரம் குறைவாகச் செலவழிப்பவர்கள்.

பெரியவர் எழுந்து கைகழுவப் போகும்போது என் தோளைத் தட்டி, "இவ்வளவு பேசறீங்க, இங்க என்ன பண்றீங்க?" என்றார். நியாயமான கேள்வி. வாகனத் தகுதிச் சோதனையில் இந்நாட்டில் கண்ணுக்குத் தெரியும் புகையைத்தான் பார்க்கிறார்கள், குழாயில் கருவி வைத்து அளப்பதில்லை. ஜப்பானில் ஓடி இறங்கிய கார்கள் இங்கே பதினைந்து இருபது வயது வரை ஓடுகின்றன. என்னுடையதும் அப்படி ஒன்று. நுண்துகளின் மிகச் சிறிய வகைக்குத் தேசிய வரம்பு வைக்க 2020-இல் ஒரு முன்மொழிவு வந்தது, வந்ததோடு சரி. செய்ய முடியாததில்லை. கப்பல் எரிபொருளில் கந்தகத்தைக் குறைக்கும் சர்வதேச ஒப்பந்தத்தில் நியூசிலாந்து 2022-இல் சேர்ந்தது. ஆக்லாந்துத் துறைமுகம் நகரத்தின் காலடியில் இருக்கிறது. கந்தகத்தை எரிபொருளிலேயே நிறுத்தினார்கள், காற்று கொண்டுபோகும் என்று விடவில்லை. கப்பலுக்குப் புரிந்தது காருக்கும் விறகடுப்புக்கும் ஹன்ட்லிக்கும் புரியாதா?

ஹன்ட்லியை நடத்தும் நிறுவனம் 2030-க்குப் பிறகு நிலக்கரியே எரிக்கப் போவதில்லை என்று 2018-இல் அறிவித்திருந்தது. 2025-இல் நாட்டின் நான்கு பெரிய மின் நிறுவனங்களும் சேர்ந்து, ஹன்ட்லியின் மூன்றாவது பழைய அலகை 2035 வரை ஓட்டத் தயாராக வைத்திருக்கவும், அதற்காக 6,00,000 டன் வரை நிலக்கரி குவித்து வைக்கவும் ஒப்பந்தம் போட்டன. வறட்சிக் காலக் காப்பு என்கிறார்கள். காப்பு வேண்டும்தான். அதற்குக் கரிதான் வழியா என்று ஆக்லாந்தில் கேட்டவர்கள் கொஞ்சம் பேர். எரிவது தொண்ணூற்றைந்து கிலோமீட்டருக்கு அப்பால் அல்லவா.

அடுத்த முறை ஹாமில்டன் போகும்போது புறவழியை விட்டு ஊருக்குள் இறங்குங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். ஆற்றின் மேற்குக் கரையில் இரண்டு புகைபோக்கிகளும் நிற்கின்றன, இக்கரையில் கடைத்தெரு, பள்ளிக்கூடம், சுமார் எட்டாயிரம் பேர் வசிக்கிற ஊர்.